வெட்டும் ஒட்டும் சொல்லும் சாட்சி

திரைப்படம் பற்றி நம் இல்லங்களிலும் பங்குகளிலும் பேச்செழும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "படத்தில் என்ன காட்டுகிறார்கள்?" ஆபாசம் உண்டா, இரத்தம் உண்டா, குடிக்கும் காட்சி உண்டா, குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கலாமா என்று விசாரிக்கிறோம். கண்ட காட்சிகளை எண்ணிக் கணக்கிட்டு, நல்ல படம், கெட்ட படம் என முத்திரை குத்தியதும் நம் கடமை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். இக்கேள்வி தேவையற்றதென நாம் கூறவில்லை. ஆனால் இது பாதிக் கேள்வி. அதுவும் எளிய பாதி. ஒரு காட்சியை அடுத்த காட்சியோடு எப்படி இணைத்தார்கள், அந்த இணைப்பு நம்மை எதை நம்பச் செய்தது என்ற மறுபாதியை நாம் கேட்பதே இல்லை. கேட்காத அந்த இடத்தில்தான் பெரும்பாலும் மெய்யும் பொய்யும் தீர்மானிக்கப்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

தமிழ் இலக்கணம் கற்றோர் இதை எளிதில் உணர்வர். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் தாமே பொருள் தந்து நிற்கும். இடைச்சொல்லோ தனித்து நிற்காது. ஆனால் பெயரையும் வினையையும் சார்ந்து வந்து முழுப் பொருளையும் திருப்பிவிடும். 'அவன் வந்தான்' என்பதற்கும் 'அவனும் வந்தான்' என்பதற்கும் இடையே நிற்பது ஒரேயொரு 'உம்'. 'அவன் வந்தான்; பணம் காணாமற்போயிற்று' என்பவை இரண்டு செய்திகள். நடுவில் 'அதனால்' என்று ஒரு சொல்லைச் செருகினால் அது குற்றச்சாட்டு. திரைப்படத்தில் அந்த 'அதனால்' எங்கும் ஒலிப்பதில்லை. வந்தவனின் முகத்தைக் காட்டி, உடனே வெற்றுப் பெட்டியைக் காட்டினால் போதும். பார்ப்பவரே தம் மனத்துக்குள் அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்வார். குற்றம் சாட்டியவர் யாருமில்லை. ஆயினும் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. படத்தொகுப்பு என்னும் எடிட்டிங் கலையின் ஆற்றலும் அபாயமும் இதுவே.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. வெட்டோ ஒட்டோ அற்றவை. கருவி பார்த்ததை மக்களும் பார்த்தனர். பின்னர்தான் படச்சுருளைக் கத்தரித்து வேறொரு துண்டோடு ஒட்டினால், இரண்டு துண்டுகளிலும் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்று பிறக்கிறது என்பதைக் கலைஞர்கள் கண்டுகொண்டனர். சோவியத் நாட்டின் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனை இதற்குப் புகழ்பெற்ற சான்று. நடிகர் ஒருவரின் உணர்ச்சி காட்டாத முகத்தை அவர் ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், விளையாடும் குழந்தையோடும் மாறிமாறி இணைத்தாராம். பார்த்தவர்கள் அம்முகத்தில் முறையே ஆழ்ந்த சிந்தனையையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு, நடிப்பைப் பாராட்டினார்கள் என்று அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதினார். அந்தப் படத்துண்டு இன்று கிடைப்பதில்லை. அதைப் பற்றிய குறிப்புகளும் தம்முள் வேறுபடுகின்றன. 1992-ஆம் ஆண்டில் இதை மீண்டும் செய்து பார்த்த ஆய்வாளர் இருவருக்கு அதே விளைவு கிட்டவும் இல்லை. எனவே அக்கதையை வேதவாக்காக நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அது சுட்டும் கொள்கையைத் தேர்ந்த கலைஞர்கள் தம் தொழிலின் அடித்தளமாகவே கொண்டனர். 1964-ஆம் ஆண்டு கனடா நாட்டுத் தொலைக்காட்சியில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதைத் தம் முகத்தைக் கொண்டே விளக்கினார். அவர் பார்க்கிறார், அடுத்து ஒரு தாயும் சேயும், பிறகு அவர் புன்னகைக்கிறார். கனிவு மிக்க முதியவர் என்கிறோம். நடுத்துண்டை மட்டும் அகற்றி, நீச்சலுடை அணிந்த பெண்ணை வைத்தால், அதே புன்னகை அவரைக் காமுகராக்கிவிடுகிறது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

காட்சி மாற்றங்களில் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தை ஒலியின்றிச் சொல்கிறது. ஒரு படம் மெல்லக் கரைய மறுபடம் அதனூடே தோன்றும் டிசால்வ், 'காலம் கழிந்தது' என்கிறது. திரை மெல்ல இருளும் ஃபேட் அவுட், 'இங்கே ஓர் அத்தியாயம் முடிந்தது' என்கிறது. இரண்டு இடங்களை மாற்றி மாற்றிக் காட்டும் இணைவெட்டு, 'அதே வேளையில் அங்கே' என்கிறது. நேராக வெட்டித் தாவும்போது, 'இதுவும் அதுவும் ஒன்றையொன்று தொட்டவை' என்று நாம் கொள்கிறோம். 1962-ஆம் ஆண்டின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் நாயகன் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். மறுகணம் பாலைவனத்தில் கதிரவன் எழுகிறான். அந்த இடத்தில் டிசால்வ் வரவேண்டும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தனர். ஆன் கோட்ஸ் என்னும் படத்தொகுப்பாளரின் மேசையில் இரு துண்டுகளும் நேருக்கு நேர் ஒட்டப்பட்டு நின்றதைக் கண்டபின் அப்படியே விட்டுவிட்டனர். டிசால்வ் வந்திருந்தால், 'சில நாள் கழித்துப் பாலைவனம் சென்றான்' என்னும் தகவல் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கும். நேர்வெட்டு வந்ததால், அந்தப் பாலைவனம் அவன் மூச்சிலிருந்தே எழுந்ததாக உணர்கிறோம். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில், கொலைக்குப் பயன்பட்ட எலும்பொன்று வானில் சுழன்றெழ, அடுத்த கணம் அவ்விடத்தில் விண்கலம் மிதக்கிறது. மனிதக் கருவிகள் எல்லாம் முதல் ஆயுதத்தின் வழித்தோன்றல்களே என்னும் பெரியதொரு வாதம் ஒரே வெட்டில் நம்முள் ஏற்றப்படுகிறது. 1995-ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சிறந்த படங்கள் நாற்பத்தைந்தின் பட்டியலில் இப்படமும் உண்டு. சிறந்த படம்தான், ஆனால் அந்த வாதம் நிறுவப்பட்டதா, ஒட்டப்பட்டதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

இவையெல்லாம் கலை நுட்பங்கள்தாமே, இவற்றில் மனச்சான்றுக்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். 1915-ஆம் ஆண்டில் டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' அமெரிக்காவில் வெளியாயிற்று. இணைவெட்டு முறையை அதுவரை யாரும் கையாளாத வன்மையோடு அவர் அதில் கையாண்டார். உச்சக்கட்டத்தில், குடிசை ஒன்றில் ஒரு வெள்ளையர் குடும்பம் அடைபட்டிருக்கிறது. வெளியே கறுப்பினப் படையினர் கதவை உடைக்கிறார்கள். வெட்டு. முகமூடி அணிந்த கூ கிளக்ஸ் கிளான் குதிரைப்படை பாய்ந்து வருகிறது. வெட்டு. கதவு பிளக்கிறது. வெட்டு. குதிரைகள் இன்னும் தொலைவில். துண்டுகளின் நீளம் குறையக் குறையப் பார்ப்பவரின் நெஞ்சு துடிக்கிறது. 'விரைந்து வாருங்கள்' என்று அது தானாகவே அந்தக் குதிரைகளை அழைக்கிறது. கறுப்பின மக்களைக் கொன்று அச்சுறுத்திய ஒரு கூட்டத்தின் வருகைக்காக அரங்கம் முழுவதும் ஏங்கியது. அவர்கள் நல்லவர்கள் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. மெய்ப்பிக்கத் தேவையும் இருக்கவில்லை. காப்பாற்ற வருகிறவர் நல்லவர் என்பதை இணைவெட்டே உறுதி செய்துவிட்டது.

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு இப்படத்தைக் கடுமையாக எதிர்த்தது. சில நகரங்களில் சில காட்சிகள் நீக்கவும்பட்டன. ஆனால் குதிரைகள் பாய்ந்துகொண்டேதான் இருந்தன. காட்சியை நீக்கலாம், பார்ப்பவர் நெஞ்சில் மூட்டப்பட்ட ஏக்கத்தை எந்தக் கத்தரிக்கோல் நீக்கும்? பல்லாண்டுகளுக்கு முன்பே மடிந்துபோயிருந்த கிளான் அதே 1915-ஆம் ஆண்டு நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. இந்தப் படத்தையே ஆள் சேர்க்கும் கருவியாகவும் அது பயன்படுத்திற்று. 1920-களில் அது பெருகிய காலத்தில் கறுப்பின மக்களோடு யூதர்களும், குடியேறி வந்தவர்களும், கத்தோலிக்கரும் அதன் பகைக்கு இலக்காயினர். கலை நுட்பம் என்று நாம் ஒதுக்கிய ஒன்று தெருவில் இறங்கி நடந்த வரலாறு இது.

இதற்கு மறுப்பாக இருவகை வாதங்கள் எழுவதுண்டு. முதலாவது: "கத்தி காயும் நறுக்கும், கையும் நறுக்கும், குற்றம் இயக்குநரின் எண்ணத்தில்தான், படத்தொகுப்பில் இல்லை." இவ்வாதம் பாதி உண்மை. ஆனால் அது படத்தொகுப்பை ஏதோ நடுநிலையான தச்சு வேலை போல எண்ணுகிறது. 'தி காட்ஃபாதர்' முதலிய படங்களில் பணியாற்றிய வால்டர் மர்ச், 1995-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், நல்ல வெட்டு எதுவெனத் தீர்மானிக்கும் ஆறு அளவைகளுக்கு மதிப்பெண் இடுகிறார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, நடைபெறும் இடத்தின் உண்மையான அமைப்புத் தொடர்ச்சிக்கோ வெறும் 4. தொழிலின் தலைசிறந்த ஒருவரே, இடத்தின் மெய்ம்மையைக் கடைசியில் வைத்து, பார்ப்பவரின் உணர்ச்சியை முதலில் வைக்கிறார். அதை அவர் மறைக்கவும் இல்லை. மறைந்திருப்பது நம் அறியாமைதான். நம் உணர்ச்சியை நோக்கியே வீசப்படும் ஒன்றை 'நடுநிலைக் கருவி' என்று சொல்லிக்கொண்டு திறந்த நெஞ்சோடு நிற்பது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது வாதம் இதற்கு நேரெதிரானது: "அப்படியானால் வெட்டு என்றாலே பொய்தானே! வெட்டாமல் நீளமாகக் காட்டுவதே நேர்மை." பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்த்ரே பசேன் ஏறத்தாழ இத்திசையில் சிந்தித்தார். ஒரு நிகழ்வின் சாரம் இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் ஒருங்கே இருப்பதைச் சார்ந்திருக்குமானால், அங்கே வெட்டு விலக்கப்பட வேண்டும் என்றார். புலியும் சிறுவனும் நேருக்கு நேர் நின்றார்கள் என்று சொல்ல விரும்பினால், இருவரையும் ஒரே சட்டத்துக்குள் காட்டியாக வேண்டும். பார்ப்பவரின் சுதந்திரத்தை மதித்த அச்சிந்தனையிடம் நமக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் வெட்டெல்லாம் பொய் என்ற முடிவுக்கு நம்மால் வர இயலாது. நீண்ட காட்சியும் எங்கோ தொடங்கி எங்கோ முடிகிறது. கருவியை எத்திசையில் திருப்புவது என்பதும் ஒரு தேர்வே.

1972-ஆம் ஆண்டின் 'தி காட்ஃபாதர்' படத்தின் இறுதிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மைக்கேல் கார்லியோனி தன் தங்கையின் குழந்தைக்கு ஞானத்தந்தையாகக் கோயிலில் நிற்கிறான். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று குரு வினவ, விட்டுவிடுகிறேன் என்கிறான். அந்த விடைகளுக்கு இடையிடையே, அவன் ஏவிய ஆட்கள் பகைவரைச் சுட்டு வீழ்த்தும் காட்சிகள் வெட்டி வைக்கப்பட்டுள்ளன; கோயிலின் ஆர்கன் இசை இரண்டின் மேலும் ஒலிக்கிறது. காட்சிகளை எண்ணுவோரின் கணக்கில் இது திருமுழுக்கையும் கொலையையும் கலந்த தகாத பகுதி. இணைப்பைப் பார்ப்போர்க்கோ, உதடு ஒன்றும் உள்ளம் ஒன்றுமாய் இறைவன் முன் நிற்பதைப் பற்றிய கூர்மையான கண்டனம். அந்தத் திருமுழுக்கையும் அந்தக் கொலைகளையும் படத்தொகுப்பாளர் வலிந்து உறவாக்கவில்லை. ஒரே மனிதனின் நெஞ்சில் அவை ஏற்கெனவே ஒட்டியிருந்தன. வெட்டு அதை வெளிக்கொணர்ந்தது. ஆகவே நம் அளவுகோல் இதுவாக இருக்கட்டும்: இணைப்பு, உள்ள உறவை வெளிப்படுத்துகிறதா, இல்லாத உறவை உண்டாக்குகிறதா?

கதைப் படத்தில் இவ்வளவுகோல் தேவை என்றால், மெய்ச்செய்தி என்று சொல்லிக் காட்டப்படும் படத்தில் அது உயிர்த்தேவை. 2007-ஆம் ஆண்டு ஜூலையில் பிபிசி நிறுவனம், இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் பற்றிய ஆவணப்படம் ஒன்றின் முன்னோட்டத்தைச் செய்தியாளர்களுக்குக் காட்டியது. புகைப்படக் கலைஞர் அரசியிடம் மகுடத்தைக் கழற்றும்படி கேட்கிறார். அடுத்த காட்சியில் அரசி சினத்தோடு பேசியவாறு விரைந்து நடக்கிறார். அரசி கோபித்து வெளியேறினார் என்று நாளிதழ்கள் எழுதின. உண்மையில், அவர் நடந்து சென்ற காட்சி படப்பிடிப்புக்கு உள்ளே வரும்போது எடுக்கப்பட்டது. அதாவது அந்த உரையாடலுக்கு முந்தியது. முன்னும் பின்னும் இடம் மாறின, அவ்வளவே. இரண்டு துண்டுகளும் மெய். அரசி நடந்தது மெய், பேசியது மெய். ஒட்டிய இடம் மட்டும் பொய். பிபிசி மன்னிப்புக் கேட்டது. அதன் முதல் அலைவரிசையின் பொறுப்பாளர் அக்டோபரில் பதவி விலகினார். பாடம் கற்றாயிற்று என்று எண்ணியிருக்க, 2024-ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் 'பனோரமா' நிகழ்ச்சி, டொனால்டு டிரம்ப் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ஆற்றிய உரையில் ஐம்பது நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் பேசிய இரு பகுதிகளை ஒரே மூச்சில் பேசியதுபோல ஒட்டிக் காட்டியது. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் நிறுவனத்தின் தலைமை இயக்குநரும் செய்திப் பிரிவுத் தலைவரும் விலக நேர்ந்தது. அந்த அரசியல்வாதியை நாம் ஏற்பதும் மறுப்பதும் வேறு. எவரையும் அவர் சொன்ன வரிசையில் கேட்கும் கடமை நமக்குண்டு.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் முன்னோர் சொன்னது, படச்சுருள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பு. இன்று அம்மொழிக்கு முன்னெப்போதையும்விடத் தேவை மிகுந்திருக்கிறது. ஏனெனில் தீர விசாரிக்க நமக்கு நேரம் தரப்படுவதில்லை. திரைப்பட அறிஞர் டேவிட் போர்டுவெல்லின் கணக்குப்படி, 1930 முதல் 1960 வரை ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் 8 முதல் 11 நொடிகள். 1990-களின் இறுதியில் அது 3 முதல் 6 நொடிகளாகக் குறுகிவிட்டது. நினைத்துப் பார்க்கும் முன்பே அடுத்த துண்டு வந்துவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் பிடித்துவிடலாம் என்பாரும் உளர். 2008-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வெட்டுகளைக் கண்டதும் பொத்தானை அழுத்துங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், ஒரு செயலின் நடுவே வெட்டி அதே செயலில் தொடர்ந்த இணைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைப் பார்வையாளர் கவனிக்கவே இல்லை. தேடியவர்க்கே தென்படாதது, தேடாத நமக்கு எப்படித் தென்படும்?

இந்த நிலையில் நம் பாதுகாப்பு யாது? 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் இயங்கும் தணிக்கை வாரியம், தகாத ஷாட்டை நீக்கச் சொல்கிறது. யு என்றும் ஏ என்றும் சான்று தருகிறது. 2023-ஆம் ஆண்டின் திருத்தம் யு/ஏ சான்றையும் ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதென்று வகுத்திருக்கிறது. நன்று. ஆனால் இவையனைத்தும் 'என்ன காட்டப்படுகிறது' என்னும் கேள்விக்கான விடைகளே. ஒரு துளி இரத்தமும் ஓர் ஆபாச அசைவும் இல்லாத படம், ஒரு சமூகத்தவரின் முகத்தையும் ஒரு குற்றச் செய்தியையும் அடுத்தடுத்து வைத்து ஓர் ஊரையே பகைமூட்டிவிட முடியும். அதற்கு எந்த வாரியமும் ஏ சான்று தரப்போவதில்லை. கைப்பேசியில் அரை நிமிடம் ஓடும் துணுக்குகளுக்கோ அந்தச் சான்றும் இல்லை. ஓர் ஆசிரியை மாணவனை அதட்டும் பத்து நொடி வருகிறது. அவன் அதற்குமுன் செய்தது வருவதில்லை. ஒருவர் ஒரு கருத்தை மறுப்பதற்காக எடுத்துரைத்த பகுதி வருகிறது. அவர் மறுத்த பகுதி வருவதில்லை. அதைப் பார்த்துக் கொதித்து, பிறர்க்கும் அனுப்பி வைப்போர் நம்மிடையே குறைவல்லர். பொய்ச்சான்று சொல்லலாகாது என்பதை மறைக்கல்வி வகுப்பில் கற்றவர்களே அதைச் செய்கிறார்கள். கண்ணால் கண்டதைத்தானே அனுப்பினோம் என்று நெஞ்சறிய நம்பியும் செய்கிறார்கள். இழப்பதோ முகமறியாத யாரோ ஒருவர்; அவர் இழப்பது தம் நற்பெயரை.

தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வழக்கை வாசகர்கள் அறிவர். முதியோர் இருவரின் சாட்சியம் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தது. மக்கள் சபையும் நம்பித் தீர்ப்பளித்துவிட்டது. இளைஞன் தானியேல் செய்தது ஒன்றே: ஒட்டியிருந்த இரு சாட்சியங்களையும் பிரித்தான். தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்று வினவினான். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொன்னார்கள், பொய் உதிர்ந்தது.

அந்த வினாவைத்தான் நம் இளையோர்க்குக் கற்றுத்தர வேண்டும். மறைக்கல்வி வகுப்பிலோ இளையோர் கூட்டத்திலோ இரண்டு நிமிடப் படப்பகுதி ஒன்றைப் போட்டு, முதலில் ஒலியின்றிப் பார்க்கச் செய்யலாம். எத்தனை முறை வெட்டப்பட்டது என்று எண்ணச் சொல்லலாம். இந்த இருவரும் ஒரே சட்டத்துக்குள் எப்போதாவது சேர்ந்து வந்தார்களா, இந்தத் துண்டுக்கு முன்னே என்ன இருந்திருக்கக்கூடும், இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் கதை என்னவாகும் என்று கேட்கலாம். இதற்குச் செலவில்லை, தனிப் பயிற்சியும் வேண்டியதில்லை. பெற்றோர்க்கும் இதே வேண்டுகோள்: கைப்பேசியில் வந்த துணுக்கு நெஞ்சைக் கொதிக்க வைக்குமானால், கொதிப்பு அடங்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். முழுப் பதிவைத் தேடிப் பார்ப்போம். கிடைக்காவிட்டால் அதை யாருக்கும் அனுப்பாதிருப்போம். அன்று சூசன்னாவுக்காகக் கேட்க ஒருவன் இருந்தான். இன்று துணுக்கில் சிக்கியவர்க்காகக் கேட்க வேண்டியவர்கள் அதைக் கையில் வைத்திருக்கும் நாம்தான்.